ஆயக்குடிக் கொய்யாவும் என் பயமும்

திண்டுக்கல்லிலிருந்து பழனிக்குப் போகும் சாலையில், ஒட்டன்சத்திரம், சத்திரப்பட்டி எல்லாம் தாண்டினால் இடப்பக்கம் மலைத்தொடர் கூடவே வரும். அடுத்து வருவது ஆயக்குடி. காலை நேரத்தில் சந்தைக்குக் கொய்யாப் பழம் பெட்டி பெட்டியாக வந்து இறங்கும். பஸ்ஸுக்குள்ளேயே வாசனை தூக்கும். நான் பிறந்து வளர்ந்தது அந்த ஊரில்தான்.

ஆனால் 2019-க்குப் பிறகு பிறந்த வீட்டுக்குப் போவதென்றாலே எனக்குச் சங்கடம். அந்த வருஷம் அடிவயிற்றில் இடப்பக்கம் தாங்க முடியாத வலி, கூடவே காய்ச்சல். ஸ்கேன் எடுத்துப் பார்த்து 'டைவர்டிகுலோசிஸ்' என்றார்கள். பெருங்குடலின் சுவர் பலவீனப்பட்ட இடங்களில் சின்னச் சின்னப் பைகளாகப் பிதுங்கியிருக்குமாம். பலருக்கு அது இருப்பதே தெரியாது. எனக்கோ ஒரு பை அழன்று வீங்கிவிட்டது.

குணமாகி வீட்டுக்குக் கிளம்பும்போது, "விதை உள்ள எதையும் தொடாதீங்க, பைக்குள்ளே போய் அடைச்சுக்கும்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். கொய்யா, தக்காளி, எள், வேர்க்கடலை எல்லாம் விலக்கு. ஊருக்குப் போனால் அம்மா ஒரு ஸ்பூனை வைத்துக்கொண்டு கொய்யாவின் விதைப் பகுதியைச் சுரண்டி எடுத்துவிட்டு, "ஒரு விதை இல்லாமப் பாத்துட்டேன் கண்ணு, தின்னு" என்று நீட்டுவாள். நான் பயந்து தட்டை நகர்த்திவிடுவேன். அவள் முகம் சுருங்கிப் போகும்.

2025-ல் வேறொரு லேடி டாக்டரைப் பார்த்தேன். "விதைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைம்மா. நல்லா சாப்பிடுங்க" என்றார். எனக்குக் கோபமே வந்துவிட்டது. ஆறு வருஷம் வாயைக் கட்டினேனே!

அவர் பொறுமையாகச் சொன்னார். ஒரு காலத்தில் இந்த நோய்க்கு நாரே இல்லாத சாப்பாடுதான் கொடுத்தார்களாம். 1971-ல் பெயின்டர், பர்கிட் என்ற இரண்டு டாக்டர்கள், நார்ச்சத்துக் குறைவதால்தான் இது வருகிறது என்று எழுதிய பிறகு அந்த யோசனை தலைகீழானது. விதைப் பயம் மட்டும் போகவில்லை. 2008-ல் அமெரிக்காவில் 47,000 ஆண்களை 18 வருஷம் கவனித்து வெளியிட்ட ஆய்வில், கொட்டைப் பருப்பும் சோளமும் தின்றவர்களுக்கு இந்த அழற்சி அதிகம் வரவில்லை என்று தெரிந்தது. "ஆம்பளைங்களுக்குச் சரி, நமக்கு?" என்றேன். சிரித்தார். அந்த 2025-லேயே பெண்களிடம் நடத்திய ஆய்வும் அதையே சொல்லிவிட்டதாம்.

அந்த மார்கழியில் நானும் என் வீட்டுக்காரரும் பழனிக்குப் போனோம். விஞ்ச் வேண்டாமென்று படியேறினேன். இந்த உபாதைக்கு நடப்பதும் ஏறுவதும் நல்லது என்று டாக்டர் சொல்லியிருந்தார். தரிசனம் முடித்து ஆயக்குடி வந்ததும் அம்மா வழக்கம்போல் ஸ்பூனை எடுத்தாள். "வேண்டாம்மா, அப்படியே குடு" என்றேன். நம்பாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணி உப்பும் மிளகாய்ப் பொடியும் தூவித் தந்தாள். விதை பல்லில் கடிபட்டபோது கண் கலங்கிவிட்டது. மிளகாய்க் காரம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

என்னைப் போன்ற சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. நூறு கிராம் கொய்யாவில் 5 கிராமுக்கு மேல் நார்ச்சத்து உண்டு. அதற்காக ஒரே நாளில் நாலு பழம் தின்றால் வயிறு உப்பும். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள். வலியும் காய்ச்சலும் வந்தால் கைவைத்தியம் வேண்டாம், டாக்டரிடம் ஓடுங்கள். அந்தச் சமயத்தில் அவர் சொல்லும் நீராகாரம், நார் குறைந்த சாப்பாடுதான் சரி. வருஷங்கள் ஆகியிருந்தால் பழைய பத்தியத்தைப் பற்றி இன்னொரு தடவை கேட்டுப் பாருங்கள்.

கிளம்பும்போது அம்மா என் பையில் இரண்டு கிலோ கொய்யாவை அமுக்கி வைத்தாள். ஒன்றைக்கூடத் திருப்பிக் கொடுக்கவில்லை.