ஆக்ஸ்போர்டின் அருங்காட்சியகம்

இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு நகருக்குச் செல்லும் வாய்ப்புக் கிட்டுமானால், கல்லூரிகளை மட்டும் கண்டு திரும்பிவிடாதீர்கள். பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமான அஷ்மோலியன் அருங்காட்சியகம் அங்கே இருக்கிறது. 1683-இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட இதற்கு நுழைவுக் கட்டணம் இல்லை.

காக்கரெல் என்னும் கட்டடக் கலைஞர் 1845-இல் முடித்த மாளிகையைக் காத்துக்கொண்டு, அதன் பின்புறக் கட்டடங்களை மட்டும் இடித்து, ஆறு தளங்கள் எழுப்பி, 2009-இல் மீண்டும் திறந்தனர். 39 புதிய கூடங்கள். செலவு 6 கோடியே 10 லட்சம் பவுன். செலவைவிடப் பொருள்களை அடுக்கிய முறையே சிறப்பு. நாடுகளைத் தனித்தனியே பிரித்துவிடாமல், வணிகமும் பயணமும் அவற்றைப் பிணைத்த விதத்தைக் காட்டுகின்றனர். இஸ்லாமிய மத்திய கிழக்கிற்கும் ஒரு கூடம் உண்டு. சீனத்து வெண்பாண்டங்களைக் கண்ட ஈராக்கியக் குயவர்கள், அவ்வெண்மையை எட்டுவதற்காகவே வெள்ளீயம் கலந்த மெருகைக் கையாண்டார்கள் என்பதை நினைவிற்கொண்டு அங்குள்ள மட்கலங்களைப் பாருங்கள்.

2016 அக்டோபரில் அங்கே தொடங்கிய ஒரு கண்காட்சி, இஸ்லாமிய உலகின் தாயத்துகளையும் சோதிட ஏடுகளையும் திருமறை வசனங்கள் எழுதிய காப்புச் சட்டைகளையும் வைத்தது. மார்க்கம் கற்றவர் மனம் இதில் நெருடவே செய்யும். பாதுகாப்பை அல்லாஹ்விடமன்றித் துணியிடம் தேடுவதா? ஆயினும் அவை நம்மவர் எழுதி, நம்மவர் அணிந்தவையே. அவற்றை மறைக்காமல் வைத்தது நன்று. நம் வீட்டு நிலைப்படிகளில் இன்றும் தொங்குபவை எவை என்பதையும் சற்றே எண்ணிப் பாருங்கள்.