மலர்ப் பள்ளத்தாக்கும் மலர்ப் பூசையும்

இமயமலையிற் பதரிநாதஞ் செல்லும் வழியில், சோசிமடத்திற்கு அப்பால் ஏறக்குறைய இருபது கிலோமீட்டரில் கோவிந்தகாட் என்னும் ஊர் உளது. அங்கு அலகநந்தையைக் கடந்து புல்னா வரை மோட்டார் வண்டி செல்லும். அதன்மேற் காங்கரியா வரை பத்துக் கிலோமீட்டரளவு மலைவழி. நடந்தும் செல்லலாம், மட்டக்குதிரையேறியும் செல்லலாம், கூலியாள் முதுகிற் சுமக்கும் கூடையில் அமர்ந்து செல்வாரும் உளர். அறுபது கடந்த யான் குதிரையேறினேன். தங்குதற்குரிய இடம் காங்கரியாவே. மேலுள்ள மலர்ப் பள்ளத்தாக்கு 1982ஆம் ஆண்டு தேசியப் பூங்காவாக்கப்பட்டமையின், அதனுள் இரவு தங்க ஒருவர்க்கும் இசைவில்லை, குதிரையும் புகாது. கட்டணஞ் செலுத்திக் காலையிற் புகுந்து மாலைக்குள் மீளல் வேண்டும். ஜூன் முதல் அக்டோபர் வரையே வாயில் திறந்திருக்கும். பூ மிகுங் காலம் ஜூலை நடுப்பகுதி தொடங்கி ஆகஸ்டு முடிய. அது மழைக்காலமாதலின் ஊன்றுகோலின்றிச் செல்லற்க.

புட்பவதி யாற்றைக் கடந்து ஏறப் பள்ளத்தாக்கு விரியும். யாற்றுக்கு அப்பெயரிட்டார் வாழ்க! கண்ணெட்டுந் துணையும் பூவே. கசகசாச் செடியின் இனமாகிய நீலப்பூ ஒன்று பாறையிடுக்கில் நின்றதை யான் நெடுநேரம் நோக்கினேன். இலண்டன் கியூத் தோட்டத்திற்காகச் செடி திரட்ட 1939இல் வந்து, பாறை வழுக்கி வீழ்ந்து உயிர்நீத்த சோன் மார்கரட் லெக் என்னும் மாதின் கல்லறையும் அங்குளது.

அவ்விடத்துப் பூக்கொய்தல் சட்டத்தால் விலக்கப்பட்டது. சைவர்க்கு இஃது எளிதிற் கடக்குஞ் செய்தியன்று. தீக்கை பெற்ற நாள்முதல் வைகறையில் நீராடி, வாய்கட்டிப் பூப்பறித்துப் பூசித்துவந்த கை, அத்துணைப் பூவினிடையே வெறுங்கையாய் நின்றது. உடன்வந்த அன்பரொருவர், "ஐயா, இவையெல்லாம் இறைவனுக்கென்றே மலர்ந்தன; விலக்க இவர் யார்?" என வெகுண்டார். மற்றோரன்பர், மலரினுள்ளும் இறைவனைக் கண்டு அதனைப் பறிக்க மனங்கொள்ளாத தாயுமானவரை எடுத்துக்காட்டிக் கொய்யாமையே மேலென்றார்.

இருவர் கூற்றும் எனக்கு உடன்பாடல்ல. அடிகள் நின்றது ஞானநிலை. சரியையில் நிற்கும் நம்மனோர் அதனை முன்னிறுத்திப் பூத்தொண்டைத் தாழ்த்துதல் தகாது. திருப்புகலூர் முருகநாயனார் கோட்டுப்பூ, கொடிப்பூ, நிலப்பூ, நீர்ப்பூ என்னும் நால்வகையுங் கொய்து சாத்தியன்றோ நாயன்மாருள் ஒருவராயினார். (அப்பள்ளத்தாக்கின் நடுவே மரம் அரிதாகலின், கோட்டுப்பூவைத் தேடியுங் காணேன்.) வெகுண்ட அன்பர்க்கு யான் கூறியது வேறு: காப்போர் இசைவின்றிக் கவர்ந்த பூ பூசைக்காகாது, நிலத்துதிர்ந்ததும் ஆகாது. அன்றியும் அச்செடிகள் ஆண்டிற் பல திங்கள் பனிமூடக் கிடந்து, சில வாரமே பூத்து வித்திடுவன. வருவோர் யாவரும் ஒவ்வொரு கைப்பூக் கொள்வாராயின் வித்து ஏது? எனினும் மாந்தரை விலக்குதலொன்றே காப்பாகிவிடாது. ஆடுமேய்த்தல் நிறுத்தப்பட்டபின் ஒருவகைக் களை பெருகிப் பூச்செடிகளை நெருக்க, ஆட்களை விட்டே அதனைக் களைந்துவருகின்றனர்.

அன்று மாலைப் பூசையை ஊரினின்று கொண்டுசென்ற வில்வத்தால் முடித்தேன். உலர்ந்த வில்வமும் ஆகுமென்பது விதி. அந்தரியாகத்திற் கொல்லாமை முதலிய எட்டுப் பூக்களையுஞ் சாத்துகையில், அந்நீலப்பூவே முன்னின்றது. கொய்யாத பூவைச் செடியில் நின்றவாறே பாவனையாற் சாத்துதல் அமையுமோ? பூசலார் பொருளின்மையான் மனத்திற் கோயிலெடுத்தார். ஈண்டோ பொருள் கண்முன் உளது, கைதான் தடைப்பட்டது. இரண்டும் ஒன்றெனத் துணிய என்னால் இயலவில்லை. பத்ததி வல்ல பெரியோர் இவ்விதழில் விடையெழுதுவாராக.