பெருநாள் திடலுக்கு இணையம் கொண்டுபோன விதம்

பெருநாள் குத்பா நேரலை இடையில் நிற்காமல் எப்படிப் போனது என்று புத்தளத்திலிருந்தும் ஊரிலிருந்தும் பலர் கேட்டிருந்தீர்கள். தனித்தனியாகச் சொல்வதைவிட இங்கே எழுதிவிடுகிறேன். அடுத்தமுறை யாரும் செய்யலாம்.

ஏன் செய்தோம் என்பதை முதலில் சொல்கிறேன். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட எங்கட ஆக்கள் பலர் இன்னும் புத்தளத்தில்தான். இளம் ஆக்கள் பஸ் ஏறி வந்துவிடுவார்கள். எண்பது தாண்டிய மூத்தவாப்பாமார், மூத்தம்மாமார் என்ன செய்வது? திரையில் பார்ப்பது தொழுகைக்குப் பதிலாகாது. அதை மௌலவி முன்கூட்டியே தெளிவாகச் சொல்லிவிட்டார். குத்பாவைக் கேட்கலாம், பிறகு முகம் பார்த்து ஸலாம் சொல்லலாம். அவ்வளவுதான் நோக்கம்.

திடலில் போன் சிக்னல் இருக்கிறது. ஆனால் சனம் கூடியதும் எல்லாப் போனும் ஒரே டவரைப் பங்குபோடும். வீடியோ அனுப்பும் பக்கம்தான் முதலில் இறுகும். அதனால் 1.2 கிலோமீற்றர் தள்ளி, வீதியோர வீடொன்றிலுள்ள பைபர் இணைப்பை, வீட்டுக்காரர் சம்மதத்தோடு, வயலுக்கு மேலால் வயர் இல்லாமல் கொண்டுவந்தோம்.

தேவைப்பட்டவை: 5 கிகாஹேர்ட்ஸில் இயங்கும் வெளிப்புற வைஃபை கருவி இரண்டு (டிபி-லிங்க், உபிக்விட்டி போன்றவை), கேபிள், 20 அடி ஜீஐ பைப், இழுத்துக் கட்டக் கயிறு, பற்றறியும் இன்வேட்டரும். கருவிக்கு மின்சாரமும் அதே நெற்வேர்க் கேபிளில்தான் போகும்; கேபிள் 100 மீற்றரைத் தாண்டக்கூடாது. ஒன்று அந்த வீட்டுத் தண்ணீர்த் தாங்கியின் மேல், மற்றது திடலில் பைப்பின் உச்சியில்.

இரண்டும் ஒன்றையொன்று பார்க்கவேண்டும். வெறும் கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது. இந்தத் தூரத்துக்கு நேர்கோட்டைச் சுற்றி, நடுவழியில் ஏறக்குறைய 4 மீற்றர் ஆரமுள்ள வெளி அலைக்குத் தேவை. அதில் பாதிக்குச் சற்றுக் கூடவாவது வெறுமையாக இருக்கவேண்டும். ஈரமுள்ள இலை அலையைக் குடித்துவிடும். எங்களுக்கு ஒரு பனைவரிசை குறுக்கே நின்றது. பைப்பைப் பதினைந்து மீற்றர் பக்கவாட்டில் நகர்த்தி, இடைவெளிக்குள்ளால் விட்டோம். மரத்தில் ஒருநாளும் கட்டாதீர்கள். காற்றுக்கு மரம் ஆடினால் இணைப்பும் ஆடும்.

திசை பிடித்தது தரம் 11 பிள்ளைகள். ஒருவர் பைப்பை மெல்லத் திருப்ப, மற்றவர் திரையில் இலக்கத்தை வாசித்தார். மறை 80இலிருந்து மறை 58 டிபிஎம்முக்கு வந்ததும், "சேர், ஏறிட்டுது!" என்று ஒரு கூச்சல். நேரலைக்கு வினாடிக்கு 3 முதல் 5 மெகாபிற் போதும். அது தாராளமாக வந்தது. கருவியில் நாட்டை ஸ்ரீ லங்கா என்றே தெரிவுசெய்யுங்கள். அலைவரிசையும் சக்தியும் சட்டத்துக்குள் நிற்க அது உதவும்.

கமரா மிம்பரை மட்டுமே பார்த்தது. பெண்கள் பக்கம் திருப்புவதில்லை என்று முதலே பேசி முடித்திருந்தோம்.

இது புதுக் கண்டுபிடிப்பு அல்ல. தமிழ்நாட்டுத் தேனியில் அரவிந்த் கண் மருத்துவமனை, பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து, 2000களின் நடுப்பகுதியிலேயே கிராமத்துக் கண் மையங்களை நீண்டதூர வைஃபையால் இணைத்தது. நோயாளி கிராமத்திலேயே இருந்துகொண்டு டொக்டரோடு வீடியோவில் பேசினார். எங்களுக்குப் பக்கத்து அனுராதபுர மாவட்டத்தில், மகாவிலச்சியவில், நந்தசிறி வன்னிநாயக்க என்ற ஆங்கில ஆசிரியர் தொடங்கிய முயற்சியால் கிராமத்து வீடுகளுக்கு வயர் இல்லாத இணையம் போனது. குக்கிராமம் என்பது ஒரு தடையல்ல.

கருவிகள் இரண்டும் பள்ளிவாசல் அலுமாரியில் இருக்கின்றன. விளையாட்டுப் போட்டிக்கோ, மருத்துவ முகாமுக்கோ, கோயில் திருவிழாவுக்கோ தேவையென்றால், எந்த ஊர் ஆக்களானாலும் நிர்வாகத்திடம் கேட்டு எடுங்கள். கட்டித்தரப் பிள்ளைகளும் வருவார்கள். புத்தளத்தில் இருக்கிறவர்கள், வீட்டில் நேரலை பார்க்க வசதியில்லாத முதியவர் யாரும் இருந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள். ஹஜ்ஜுப் பெருநாளைக்குள் அவர்களுக்கு ஒரு வழி பார்ப்போம், இன்ஷா அல்லாஹ்.