கல்வெட்டில் அடங்காத வாழ்வு

யாழ்ப்பாணத்துச் சைவ மக்களிடையே ஒருவர் சிவபதமடைந்தால், 31ஆம் நாள் அந்தியேட்டிக் கிரியை நிறைவெய்தும்போது, அவர்மேற் பாடப்பெற்ற சிறு நூலொன்றை அச்சிட்டு வந்தோர்க்கு வழங்குதல் நெடுநாள் வழக்கமாகும். கல்லிற் பொறியாது தாளிற் பொறிப்பினும் அதனைக் கல்வெட்டு என்றே சொல்வர். நினைவு மலர் என்னும் பெயரும் இக்காலத்தில் அதற்குண்டு. இறந்த ஆண்டு, மாதம், பக்கம், திதி என்பவற்றை அமைத்த திதி வெண்பா முதலில் நிற்கும். குலமரபு, பிறப்பு, கல்வி, உத்தியோகம், விவாகம், மக்கட்பேறு என வரலாறு அதன்பின் நடக்கும். மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல் என்பன ஈற்றில் தொடரும். இவற்றைப் பாடிக் கொடுத்தல் ஊர்த் தமிழாசிரியர்மேல் வீழ்ந்த கடமைகளுள் ஒன்று. கோப்பாய் ஆசிரிய கலாசாலையிற் பயிற்சி பெற்று வெளிவந்த நாள்முதல் யாமும் அதனைச் செய்து வருகின்றோம். உற்றார் தருங் குறிப்புத்தாள் செவ்வனே அமைந்துவிடின் ஓரிரவு போதும்.

சென்ற ஆவணியில் எம் தாய்மாமனார் தமது 81ஆம் வயதிற் காலமானார். ஆறு வயதிலே தந்தையாரை இழந்த எம்மை வளர்த்து ஆளாக்கியவர் அவரே. எட்டுச் செலவு கழிந்த மறுநாள் அவர் மகளாகிய எம் மைத்துனியார் குறிப்புத்தாளைக் கொணர்ந்து எம் கையிற் கொடுத்தார். பிள்ளைகள் நால்வரின் பெயர்களும், கனடாவில் வாழும் பேரப்பிள்ளைகளின் பட்டங்களும் பதவிகளும் அதில் நிரம்ப இருந்தன. அம்மானைப் பற்றியோ மூன்றே வரிகள். ஐந்தாம் வகுப்புவரை கற்றார், கமஞ் செய்தார், கோயிற் பணியில் ஈடுபாடுடையவர். பிறர் பலருக்குப் பாக்களை நிரைநிரையாய்ப் பாடிய எமக்கு, எம்மை வளர்த்தவர் வரலாறு நான்கு அடிகளில் முடிந்துவிட்டது. அன்றுதான் கல்வெட்டு என்னும் அமைப்பிலே எதற்கு இடமுண்டு, எதற்கு இடமில்லை என்று எண்ணத் தலைப்பட்டோம்.

1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமம் முழுவதும் பெயர்ந்து தென்மராட்சி நோக்கி நடந்ததைப் பழைய மாணவர் பலர் மறந்திரார். யாம் அப்போது பதினைந்து வயதுச் சிறுவராயிருந்தோம். அம்மான் தமது துவிச்சக்கரவண்டியின் பின்னே ஒருபுறம் எம் பாடநூல்கள் நிறைந்த சாக்கையும், மறுபுறம் அடுத்த போகத்துக்குரிய விதை வெங்காயத்தையுங் கட்டியிருந்தார். மழை பெய்துகொண்டிருந்தது. நாவற்குழிப் பாலத்துக்கு இப்பால், அடிமேல் அடிவைக்கவும் இடமற்ற அந்நெருக்கத்தில், அயல்வீட்டு மூதாட்டி ஒருவர் மேலும் நடக்கமாட்டாது குந்திவிட்டார். அவரை வண்டியில் ஏற்றவேண்டுமாயின் ஒரு சுமையை இறக்கியாகவேண்டும். அம்மான் வெங்காயச் சாக்கை அவிழ்த்து வீதியோரத்தில் வைத்தார். புத்தகங்களை இறக்குவோமே என்று யாம் கூறியபோது, “வெங்காயம் ஆரிட்டையும் கடன் வாங்கலாம் தம்பி, உன்ரை புத்தகத்தை ஆரிட்டை வாங்கிறது?” என்று மட்டுஞ் சொன்னார். 1996இல் ஊர் மீண்டபின் விதையின்றிக் கடன்பட்டே தோட்டஞ் செய்தார். அதனைப்பற்றிப் பின்னொருநாளும் அவர் வாய்திறந்ததில்லை. அச்சாக்கிலிருந்த நூல்களைக் கொண்டே யாம் சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்தோம்.

துக்கம் விசாரிக்க வந்தோருள் ஒரு கைம்பெண் வேறொரு செய்தியை வெளியிட்டார். எமதூரிற் கிணறுகள் பல பங்குக் கிணறுகள். பங்காளர் ஒவ்வொருவருக்கும் இறைப்பு முறைநாள் உண்டு. கோடையிலே நீர் கீழிறங்கும் மாதங்களில் அம்மான் தமது முறைநாளொன்றை அவருடைய தோட்டத்துக்கு விட்டுக்கொடுத்து வந்தாராம். கணவனை இழந்த ஆண்டு தொடங்கிப் பிள்ளைகள் தலையெடுக்கும்வரை, பன்னிரண்டு கோடைகள் அவ்வாறு நிகழ்ந்ததாம். கமக்காரனொருவன் கோடையில் நீரை ஈதல் தன் விளைவிற் பாதியை ஈதலாகும். அம்மானின் மனையாட்டியாருக்கும் அன்றுதான் இது தெரியவந்தது.

பழந்தமிழ் நூல்கள் எமக்குக் கிடைத்த வரலாறு இவ்விடத்தில் எம் நினைவுக்கு வருகின்றது. சிறுப்பிட்டியில் 1832இற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் ஏடு தேடி அலைந்து, 1887இற் கலித்தொகையை முதன்முதலாக அச்சேற்றினார். அவர் பெயர் தமிழுள்ளளவும் நிற்கும், நிற்றலே தக்கது. ஆயினும் பனையோலை சில நூற்றாண்டுகளுக்குமேல் நில்லாது. செல்லும் பூச்சியும் அதனை அரித்துவிடும். எனவே சங்ககாலத்து நூலொன்று பிள்ளையவர்கள் கையை அடையுமுன், பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டில் எழுதி வைத்தோர் தலைமுறை தலைமுறையாக இருந்திருத்தல் வேண்டும். அவர்களுள் மிகப் பெரும்பாலாரின் பெயரை இன்று அறிவார் இலர். அவர்கள் புதுநூல் யாத்தாரல்லர். தம் கைக்கு வந்ததைக் கெடாமல் அடுத்த கைக்குக் கொடுத்தார்கள். அச்சங்கிலியில் ஒரு கண்ணி அற்றிருப்பினும் எமக்குக் கலித்தொகை இல்லை.

வாழ்வு பயனுறுதல் என்பது இதுவேயென யாம் துணிகின்றோம். பெயர் நிற்றல் சிலருக்கு வாய்க்கும்; கையேற்றதைக் கைமாற்றுதல் யாவர்க்கும் இயலும். யாப்பிலக்கணங் கற்ற மாணவர், வெண்பாவின் ஈற்றுச்சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்னும் வாய்பாடுகளுள் ஒன்றால் முடியும் என்பதை அறிவர். ஒருவர் இறந்தபின் அவர் வாழ்ந்த நாளை எண்ணுவாரும், ஈட்டிய காசை எண்ணுவாரும், சார்த்திய மலரை எண்ணுவாரும் பலர். பிறப்பின் பயனை எண்ணுவாரோ மிகச் சிலர். அம்மான் வாழ்ந்தவை ஏறக்குறைய 29,500 நாட்கள். அவற்றுள் ஒரு நாளின் ஒரு கணத்தில், எச்சாக்கை இறக்குவது என்று அவர் செய்த முடிவே யாம் இன்று ஆசிரியராய் நிற்பதற்குக் காரணம்.

வெங்காயச் சாக்கையும் தண்ணீர் முறையையுங் கல்வெட்டிற் சேர்க்க விரும்பினோம். “எங்கடை கஷ்டத்தையெல்லாம் அச்சிலை போடவேணுமோ?” என்று மைத்துனியார் முதலில் தயங்கினார். அது கஷ்டமன்று, அவர் தேடிய தேட்டம் என்று விளக்கினோம். அவர் இரண்டு நாள் சிந்தித்து, பேரப்பிள்ளைகளின் பட்டங்களைக் குறைத்து அதற்கு இடமளித்தார். புலம்பற் பாக்களைத் தவிர்த்து, நிகழ்ந்தவற்றை உரைநடையிலே எழுதினோம். 31ஆம் நாள் வந்த இளைஞர் சிலர் அப்பக்கத்தை நின்றபடியே வாசித்தனர்.

இவ்வாண்டு முதல் எம் பத்தாம் வகுப்பு மாணவர்க்கு ஒரு பயிற்சி கொடுத்து வருகின்றோம். தம் வீட்டில் அல்லது அயலில் உள்ள முதியவர் ஒருவரிடஞ் சென்று, அவர் எதனைச் சுமந்தார், எதனை இறக்கி வைத்தார் என்று கேட்டு எழுதுதலே அப்பயிற்சி. உத்தியோகமும் பட்டமுங் கேட்கவேண்டாம் என்று சொல்லியிருக்கின்றோம். கல்லூரியின் பழைய மாணவர்களாகிய பெரியோர்களும் தத்தம் இல்லங்களில் இதனைச் செய்வார்களாக. கேட்கப்படும் முதியவர் உயிருடன் இருக்கும்போதே கேட்டல் வேண்டும். கேட்டவர் தம் கையில் இப்பொழுதிருக்கும் சுமை யாது, அதனை யார் கையிற் கொடுக்கப்போகின்றோம் என்பதையும் ஒருமுறை எண்ணிப் பார்ப்பாராயின், கற்ற கல்வி வீண்போகாது.