பச்சை தின்று சிவக்கும் மீன்

கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் கொஞ்ச நேரம் நின்றால் ஒரு கேள்வி காதில் விழாமல் இருக்காது. "வாங்கிட்டுப் போனப்ப நல்ல செவப்பா இருந்துச்சுண்ணா, இப்ப கலர் டல்லாயிடுச்சே?" தண்ணீரை மாற்று, லைட்டை மாற்று என்று ஆளுக்கொரு யோசனை வரும். மீன் என்ன தின்கிறது என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்பேன்.

மீன் உடம்பின் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் எல்லாம் பெரும்பாலும் கரோட்டினாய்டு என்ற நிறமிகளால் வருபவை. கறுப்பைத் தரும் மெலனினை மீன் தானே உண்டாக்கிக்கொள்ளும். கரோட்டினாய்டை உண்டாக்க அதனால் முடியாது. தீனியோடு உள்ளே போனால்தான் உண்டு. கோடியக்கரைக்கு வரும் பூநாரைகளின் இளஞ்சிவப்பும் இப்படி இரை வழியாக வந்ததுதான்.

கோல்ட் ஃபிஷ் வளர்க்கும் சிமென்ட் தொட்டிகளைப் பார்த்திருக்கிறீர்களா? வெயில் பட்டுப் பட்டுத் தண்ணீர் பச்சையாக நிற்கும். மீன் அந்தப் பாசியையும், அதைத் தின்று பெருகும் சிற்றுயிர்களையும் நாளெல்லாம் மேய்ந்துகொண்டிருக்கும். அங்கிருந்து நம் வீட்டுக்கு வந்தால் தெளிந்த தண்ணீர், துடைத்த கண்ணாடி, மாவுச்சத்து மிகுந்த குருணைத் தீனி. வெளிறாமல் என்ன செய்யும்?

அந்தப் பச்சையை ஈடுகட்டத்தான் சுருள்பாசி. ஸ்பைருலினா என்று கேட்டால் எந்தக் கடையிலும் கொடுப்பார்கள். அதன் எடையில் பாதிக்கு மேல் புரதம். செடிகளுக்கு இருப்பதுபோல் கடினமான செல்லுலோஸ் சுவர் இல்லாததால் சுலபமாகச் செரிக்கும். அதில் இருக்கும் ஸியாசாந்தின் மஞ்சள் நிறமி. கோல்ட் ஃபிஷ் அதை வாங்கி, தன் உடம்புக்குள்ளேயே ஆஸ்டாசாந்தின் என்ற சிவப்பாக மாற்றிக்கொள்கிறது. பச்சைப் பொடியாக உள்ளே போனது செதிலில் சிவப்பாக வந்து நிற்கிறது! எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு இது ஆச்சரியமாகவே இருக்கிறது. எல்லா மீனுக்கும் இந்தத் திறமை கிடையாது. சால்மன் போன்றவற்றுக்கு ஆஸ்டாசாந்தினையே தீனியில் கொடுத்தாக வேண்டும்.

நிறம் வெறும் அலங்காரம் இல்லை என்பதைக் கப்பி மீன்கள் காட்டுகின்றன. ட்ரினிடாட் தீவின் ஓடைகள்தான் அவற்றின் பூர்வீகங்களில் ஒன்று. மரங்கள் அடர்ந்து வெளிச்சம் குறைந்த ஓடைகளில் பாசி குறைவு. அங்கே ஆண் மீனின் ஆரஞ்சுப் புள்ளிகளில் சேரும் கரோட்டினாய்டும் குறைவு. பெண் மீன்கள் பெரும்பாலும் பளிச்சென்ற ஆரஞ்சையே நாடுகின்றன. நன்றாக மேய்ந்தவன் எவன் என்பது அவன் மேலேயே எழுதியிருக்கிறது. கப்பியின் நீலமோ வேறு வகை. தோலிலுள்ள நுண்படிகங்களில் ஒளி பட்டுத் திரும்புவதால் வருவது அது. எந்தத் தீனியும் நீலத்தை ஊட்டிவிடாது.

நிறத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வயிறு. ஆப்பிரிக்காவின் மலாவி ஏரிப் பாறைகளில் வாழும் சிக்லிட் மீன்களில் பல, பாறையில் படிந்த பாசியைச் சுரண்டித் தின்பவை. அவற்றின் குடல் நீளம். இறைச்சித் தீனியாகவே போட்டுவந்தால் வயிறு உப்பிச் சாகின்றன என்பது வளர்ப்பவர்கள் பலரின் அனுபவம்.

இதைவிட மோசம் நம் ஊர்த் தொட்டிகளில் 'டேங்க் கிளீனர்' எனப்படும் சக்கர் மீன் படும் பாடு. பேரைக் கேட்டவுடன், கழிவைத் தின்று பிழைத்துக்கொள்ளும் என்று விட்டுவிடுகிறோம். கழிவு அதற்கு உணவே அல்ல. கண்ணாடியிலுள்ள பாசி தீர்ந்ததும் அது பட்டினிதான். ராத்திரி லைட்டை அணைத்த பிறகு ஒரு பாசி வில்லையோ, லேசாக வேகவைத்த வெள்ளரித் துண்டோ போட்டால் காலைக்குள் தீர்த்துவிடும். வயிறு ஒட்டிப்போன சக்கர் மீனைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கேட்பதில்லை.

தீனி டப்பாவின் முகப்பில் ஸ்பைருலினா என்று பெரிதாகப் போட்டிருந்தால் போதாது. பின்னால் உள்ள பட்டியலில் அது எத்தனையாவதாக வருகிறது என்று பாருங்கள். கடைசியில் வந்தால், அது பேருக்குத்தான். சின்ன டப்பாவாக வாங்குங்கள். திறந்து வைத்தால் நிறமிகள் காற்றில் கெடும். பலன் தெரியச் சில வாரமாகும். ஊசியால் சாயம் ஏற்றிய கண்ணாடி மீன்களைப் போல ஒரே நாளில் மின்னாது. அந்தக் கொடுமையை யாரும் வாங்கி ஆதரிக்கவும் கூடாது. வெள்ளையில் சிவப்புத் திட்டு உள்ள கோய் மீனுக்கு நிறத் தீனியை அளவோடு கொடுங்கள். அதிகமானால் வெள்ளையும் மங்கிவிடும்.

காசே இல்லாத வழியும் உண்டு. வழவழப்பான கூழாங்கற்களை ஒரு பக்கெட் தண்ணீரில் போட்டு மொட்டை மாடி வெயிலில் வையுங்கள். பச்சை படர்ந்ததும் ஒரு கல்லை எடுத்துத் தொட்டியில் இறக்குங்கள். மோலி மீன்கள் வாயைக் கல்லோடு ஒட்டிவைத்து, உடம்பை ஒரு வெட்டு வெட்டிப் பிய்க்கும். பிய்த்த இடத்தில் கல்லின் நிறம் பொட்டுப் பொட்டாகத் தெரியும். கல் வெளுத்ததும் பக்கெட்டில் திரும்பப் போட்டுவிட்டு, அடுத்ததை இறக்குங்கள். கொசு முட்டையிடாமல் இருக்க பக்கெட்டின் மேல் வலை கட்டிவிடுவது நல்லது.