ஒரே பாட்டு, மூணு குரல்

'மை ஃபன்னி வேலன்டைன்' காதலர் தினத்துக்காக எழுதின பாட்டுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. உண்மையில் அது 1937-ல் நியூயார்க் பிராட்வேயில் அரங்கேறிய 'பேப்ஸ் இன் ஆர்ம்ஸ்' என்ற இசை நாடகத்தில் வரும் பாட்டு. மெட்டு ரிச்சர்ட் ராட்ஜர்ஸ், வரிகள் லோரன்ஸ் ஹார்ட். கதையில் அந்தப் பையனோட பேரே வேலன்டைன்தான். அவனைக் காதலிக்கிற பொண்ணு அவன் முகத்தையும் உடம்பையும் செல்லமா கிண்டல் பண்ணிட்டு, ஆனா நீ மாறிடாதேன்னு கேட்கிறா. காதலர் தினம் கடைசியில ஒரு சிலேடையா மட்டும் வருது.

நாடகம் ஓடி முடிஞ்சிடும், பாட்டு ஊர் சுத்தும். 1950-களில் ஜாஸ் பாடகர்கள் இந்த நாடகப் பாட்டுகளை எடுத்து ஆல்பம் ஆல்பமா பாடினாங்க. அங்கே மேடை இல்ல, கதை இல்ல, வேலன்டைனும் இல்ல. அப்போ யார், யாரைப் பார்த்துப் பாடுறாங்க? அதைப் பாடகர்தான் முடிவு பண்ணணும்.

ஃபிராங்க் சினாட்ரா 1954-ல் 'சாங்ஸ் ஃபார் யங் லவர்ஸ்' ஆல்பத்தை இந்தப் பாட்டோடதான் ஆரம்பிக்கிறார். பக்கத்துல உட்கார்ந்திருக்கிற பொண்ணுகிட்ட பேசுற மாதிரி நிதானமா பாடுவார். அதே வருஷம் 'செட் பேக்கர் சிங்ஸ்' வந்தது. பேக்கர் அடிப்படையில் டிரம்பெட் வாசிக்கிறவர், அப்போ வயசு 24. மெலிசான குரல், நடுக்கமே கிடையாது. அவர் பாடும்போது, கண்ணாடி முன்னாடி நின்னு தன்னையே பார்த்துப் பாடுற மாதிரி எனக்குத் தோணும். கிண்டல் மொத்தமும் சோகமா மாறிடுது.

எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட் 1956-ல் ராட்ஜர்ஸ்-ஹார்ட் பாட்டுகளுக்குன்னே ஒரு 'சாங் புக்' ஆல்பம் பாடினாங்க. மத்த ரெண்டு பேரும் விட்டுட்ட முன்பகுதியை அவங்க பாடுறாங்க. நம்ம ஊர் தொகையறா மாதிரி, பேச்சிலிருந்து பாட்டுக்குள்ள கூட்டிட்டுப் போற பகுதி அது. பழைய இங்கிலீஷில், புலவர் தோரணையில் எழுதியிருக்கும். அந்தத் தோரணையே ஒரு கிண்டல். அதைக் கேட்டாதான் இவ அவனைச் சீண்டுறான்னு புரியும்.

இதெல்லாம் எனக்கு ஏன் முக்கியம்னா, ரெண்டாம் வருஷம் லைட் மியூசிக் டீம் செலக்‌ஷனில் "நல்லாத்தான் இருக்கு, ஆனா ஒரிஜினல் மாதிரி இல்லையே"ன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. என் குரல் சின்னது, உச்சத்துக்குப் போகாது. அதுக்கப்புறம் ஹாஸ்டல் மொட்டை மாடியில மட்டும்தான் பாடிட்டு இருந்தேன். பேக்கர் ஆல்பத்தைக் கேட்டதும் அங்கேதான், ஹெட்செட்ல. அவரும் உச்சத்துக்குப் போகல. கிட்டத்தட்ட மெட்டை அப்படியேதான் பாடுறார். ஆனா பாட்டு அவரோடது ஆயிடுது. சங்கதி சேர்த்தாத்தான் வித்தியாசமா பாட முடியும்னு யார் சொன்னது?

தன் மெட்டில் பாடகர்கள் கை வைக்கிறது ராட்ஜர்ஸுக்குப் பிடிக்காதுன்னு சொல்வாங்க. அந்தக் கோபமும் நியாயம்தான். மெட்டைப் போட்டவர் அவர். ஆனா மெட்டைத் தொடாமலே பாட்டை மாத்தலாமே. அதே நாடகத்தின் 'த லேடி இஸ் எ டிராம்ப்' பாட்டில் ஒரு பொண்ணு தன்னைப் பத்தித் தானே சொல்லிக்கிறா. எல்லா அதை 'நான்'னு பாடுறாங்க. 1957-ல் 'பால் ஜோயி' படத்தில் சினாட்ரா அதையே 'அவள்'னு பாடுறார். ஒருத்தி திமிரா தன்னைப் பத்திச் சொன்னது, ஒருத்தன் அவளை ரசிச்சுச் சொல்றதா ஆயிடுச்சு. மாறினது யார் பேசுறாங்க என்பதுதான்.

இந்த வருஷம் கல்ச்சுரல்ஸ்ல தனிப்பாட்டுக்குப் பேர் கொடுத்திருக்கேன். சுருதியை ரெண்டு கட்டை இறக்கித்தான் பாடப் போறேன். நீங்க அதுக்கு முன்னாடி ஒருநாள் ராத்திரி, லைட்டை அணைச்சிட்டு, சினாட்ரா, பேக்கர், எல்லான்னு வரிசையா கேட்டுப் பாருங்க. மூணும் சேர்த்தாலும் பத்து நிமிஷம்கூட ஆகாது.