கணினிக்குள் ஒரு கிராணியார்

2025-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அளித்து வந்த இலவசப் பராமரிப்பு முடிவுக்கு வந்தது. 2015 ஜூலையில் வெளிவந்து பத்தாண்டுகள் உழைத்த மென்பொருள் அது. அந்தத் தேதி நெருங்கியதிலிருந்தே கிள்ளான் வட்டாரத்தில் தோட்ட வீடு, தாமான் வீடு என்ற பேதமில்லாமல் எல்லாரும் மடிக்கணினியை விண்டோஸ் 11-க்கு மாற்றத் தொடங்கினார்கள். சிலருக்கு ஒரு மணி நேரத்தில் முடிந்தது. சிலருக்கோ பாதி வழியில் நின்றது. நின்ற இடத்தில் திரையில் தோன்றும் அறிவிப்புகளில் அதிகமாக ஆட்களைக் கலங்க வைப்பது, ‘டிரைவர்’ தயாராக இல்லை என்னும் அறிவிப்புதான்.

இந்த ஒரு சொல்லுக்குப் பொருள் தெரியாததால் நல்ல கணினிகள் பழைய சாமான் கடைக்குப் போகின்றன. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தமிழில் இதற்கு ‘இயக்கி’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நல்ல பெயர்தான், ஆனால் கேட்டதும் விளங்காது. தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு நான் வேறு விதமாகச் சொல்வேன். அந்தக் காலத்துப் பெரட்டுக் களத்தை நினைத்துக்கொள்ளுங்கள். துரை ஆங்கிலத்தில் ஏதோ சொல்வார். கிராணியார் அதைக் கேட்டுத் தண்டலிடம் நம் பாஷையில் சொல்வார். தண்டல் நிரைக்குப் போய் ஆட்களிடம் சொல்வார். நடுவில் கிராணியார் இல்லாவிட்டால் துரை தொண்டை கிழியக் கத்தினாலும் ஒரு மரமும் சீவப்படாது.

கணினியில் விண்டோஸ்தான் துரை. ஒலிபெருக்கி, கேமரா, வைஃபை, அச்சுப்பொறி எல்லாம் ஆட்கள். ஒவ்வோர் ஆளுக்கும் தனித்தனியாக ஒரு கிராணியார் உண்டு. அந்தச் சிறு மென்பொருள்தான் டிரைவர். பழைய துரை மாற்றலாகிப் புதுத் துரை வருகிறார். பேரேட்டை எழுதும் முறையே மாறிவிடுகிறது. பழைய கிராணியார் கெட்டவர் அல்லர், வேலை தெரியாதவரும் அல்லர். புதுத் துரையின் வழக்கம் அவருக்குத் தெரியாது, அவ்வளவே. ஆட்களுக்கும் ஒரு குறையுமில்லை. ஒலி இயக்கி சரியில்லை என்றால் ஒலிபெருக்கி கெட்டுவிட்டது என்று பொருளாகாது. இதை மட்டும் மனத்தில் இருத்திக்கொண்டால் பாதிப் பயம் போய்விடும்.

எங்கள் பள்ளியில் படித்து, இப்போது ஆறாம் படிவத்தில் இருக்கும் ஒரு பெண்ணின் தாயார் சென்ற ஆண்டு இறுதியில் ஒரு மாலை என் வீட்டுக்கு வந்தார். தொழிற்சாலையில் இரவு வேலை பார்ப்பவர். கையில் துணிப்பைக்குள் மடிக்கணினி. 2021-இல், பள்ளிகள் மூடிக் கிடந்து வீட்டிலிருந்தே பாடம் நடந்த நாளில், சீட்டுப் பணம் எடுத்து வாங்கியது.

“டிரைவர் கெட்டுப் போச்சுன்னு கடையில சொல்றாங்க டீச்சர். லோரிக்குத்தானே டிரைவர்? இதுக்கு எதுக்கு?” என்றார். சிரிப்பதா, வருந்துவதா என்று தெரியவில்லை. கடையில் இன்னொன்றும் சொல்லியிருந்தார்கள்: சவுண்ட் பகுதி போய்விட்டது, தாய்ப்பலகையை மாற்ற வேண்டும், 850 வெள்ளி ஆகும், அதற்குப் புதிதாகவே வாங்கிவிடலாம் என்று. புதிதின் விலை 2,300 வெள்ளி. மகளின் பாடப் பணிகள் அத்தனையும் அந்தப் பெட்டிக்குள். எது போனாலும் அது போகக்கூடாது என்பதுதான் அம்மாவின் கவலை.

கணினியைத் திறந்தோம். பாட்டு ஒன்றைப் போடச் சொன்னேன்; கணீரென்று கேட்டது. ஒலிப் பகுதி போய்விட்டது என்றால் பாட்டு எங்கிருந்து வந்தது? பழைய துரையிடம் அந்தக் கிராணியார் ஒழுங்காகத்தான் வேலை செய்துகொண்டிருக்கிறார். பிறகு விண்டோஸ் 11-க்கு மாறும் வேலையை மீண்டும் தொடங்கிப் பார்த்தோம். ‘கவனிக்க வேண்டியவை’ என்று ஆங்கிலத்தில் ஒரு பட்டியல் வந்தது. அதில் ஒரே ஒரு பெயர், ஒலிக்குரிய இயக்கி ஒன்றின் பெயர். ‘இந்த விண்டோஸுக்கு இன்னும் தயாராகவில்லை’ என்பதே அதன் கீழிருந்த வாசகம். கெட்டுவிட்டது என்று எங்கும் இல்லை.

இந்த ரகக் கோளாறு உலகத்துக்குப் புதிதல்ல. விண்டோஸ் 11 வெளிவந்தது 2021 அக்டோபர் 5-இல். அடுத்த மாதமே மைக்ரோசாஃப்ட் ஒரு தடையை அறிவித்தது. இன்டெல் நிறுவனத்தின் 11-ஆம் தலைமுறைச் செயலி உள்ள கணினிகளில் ‘ஸ்மார்ட் சவுண்ட் டெக்னாலஜி’ என்ற ஒலி இயக்கி உண்டு. அதில் 10.29.0.5152, 10.30.0.5152 என்ற இரண்டு பதிப்புகள் விண்டோஸ் 11-உடன் சேர்ந்தால் திரை நீலமாகி இயந்திரம் நின்றுவிடும். எனவே அந்தப் பதிப்பு உள்ள கணினிகளுக்கு மாற்றத்தையே கொடுக்காமல் நிறுத்தி வைத்தார்கள். 10.29.00.5714 அல்லது 10.30.00.5714, அல்லது அவற்றுக்குப் பிந்தியது இருந்தால் தடை இல்லை. இங்கே கணக்குப் பாடம் போல ஒன்றைக் கவனியுங்கள். நடுவிலுள்ள 29, 30 என்பதைப் பார்த்து, ‘30 பெரியது, ஆகவே புதியது’ என்று முடிவு கட்டக்கூடாது. கடைசி நான்கு இலக்கங்களே பேசுகின்றன.

இப்படிப்பட்ட தடை ஒரு தண்டனை அல்ல. வெள்ளத்தின்போது பாலத்தின் முன் போலீஸ்காரர் கை காட்டி நிறுத்துவது போன்றது. ஆனால் சிலர், தடையைத் தாண்டி வலுக்கட்டாயமாக மாற்றித் தருகிறேன் என்று காசு வாங்குகிறார்கள். பாலம் உடைந்திருப்பது காருக்குள் இருப்பவருக்குத் தெரிவதில்லை.

முதல் வேலையாக, அந்தப் பெண்ணின் கோப்புகள் எல்லாவற்றையும் ஒரு வெளி வட்டில் படியெடுத்து வைத்தோம். இது முடியாமல் அடுத்த படிக்குப் போகவே கூடாது. பின்னர் ஸ்டார்ட் பொத்தானில் வலப்பக்கச் சொடுக்குச் சொடுக்கி ‘டிவைஸ் மேனேஜர்’ என்பதைத் திறந்தோம். கணினியில் வேலை செய்யும் ஆட்களின் பெயர்ப் பட்டியல் அதுதான். பட்டியலில் கண்ட பெயரைத் தேடிப் பிடித்து, ‘டிரைவர்’ என்ற பக்கத்தைப் பார்த்தால் தேதியும் பதிப்பு எண்ணும் இருந்தன. தேதி 2020. வாங்கிய நாளிலிருந்து யாரும் அதைத் தொடவில்லை.

விண்டோஸ் அப்டேட்டில் ‘விருப்பத் தேர்வு’ப் பகுதிக்குள் புது இயக்கிகள் சில சமயம் காத்திருக்கும். பார்த்தோம், இல்லை. கணினியைக் கவிழ்த்து அடியில் ஒட்டியிருந்த மாடல் எண்ணை அந்தப் பெண்ணே தாளில் எழுதினாள். தயாரித்த நிறுவனத்தின் உதவிப் பக்கத்துக்குச் சென்று அந்த எண்ணைக் கொடுத்ததும், அந்த மாடலுக்கென்றே இயக்கிகள் வரிசையாக வந்து நின்றன. ஒலிக்குரியதை இறக்கி, நிறுவி, கணினியை அணைத்து ஏற்றினோம். தேதி மாறியிருந்தது. செலவு ஒரு காசும் இல்லை.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. ‘உங்கள் டிரைவர்கள் எல்லாம் பழையவை, ஒரே சொடுக்கில் சரி செய்கிறோம்’ என்று விளம்பரம் செய்யும் மென்பொருள்கள் ஏராளம். அவற்றின் பக்கமே போகாதீர்கள். தெருவில் போகிறவரைக் கூப்பிட்டுக் கிராணி வேலை கொடுப்பதுண்டா? இயக்கியைத் தயாரித்தவரிடமிருந்தோ, கணினியைத் தயாரித்தவரிடமிருந்தோ, விண்டோஸ் அப்டேட்டிலிருந்தோதான் பெற வேண்டும்.

ஏன் இவ்வளவு கறார் என்று கேட்பீர்கள். சாதாரண மென்பொருள் தவறு செய்தால் அது மட்டும் மூடிக்கொள்ளும். இயக்கிகள் பலவும் இயந்திரத்தின் அடிமட்டத்தில் உட்கார்ந்து வேலை செய்பவை; அவை தடுக்கி விழுந்தால் துரையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழும். 2024 ஜூலை 19-ஆம் தேதி நினைவிருக்கிறதா? கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு கோப்பில் பிழை. அதைப் படித்த அவர்களுடைய மென்பொருள் அடிமட்டத்தில் இயங்குவது. மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி உலகெங்கும் 85 இலட்சம் கணினிகள் நீலத் திரையோடு நின்றன. கே.எல்.ஐ.ஏ. இரண்டாம் முனையத்தில் ஏர் ஏசியா பயணிகள் நீண்ட வரிசையில் காத்திருந்தார்கள், கே.டி.எம். ரயில் டிக்கெட் முறையும் தடுமாறியது. அத்தனை கணினியிலும் வன்பொருள் ஒன்றும் பழுதாகவில்லை. ‘சேஃப் மோட்’ என்னும் முறையில் திறந்து அந்த ஒரு கோப்பை நீக்கியதும் எழுந்துகொண்டன. அன்று யாராவது ஒரு கடைக்காரர் தாய்ப்பலகை போய்விட்டது என்று சொல்லியிருந்தால் எப்படி இருந்திருக்கும்!

மீண்டும் நம் கதைக்கு. இயக்கியை மாற்றிய உடனே தடை நீங்கிவிடும் என்று எதிர்பார்த்தார் அந்த அம்மா. நீங்கவில்லை. முகம் வாடிவிட்டது. “அக்கா, இது மருந்து சாப்பிட்ட மாதிரி, கொஞ்சம் பொறுங்க,” என்றேன். இயக்கியைப் புதுப்பித்த பின் விண்டோஸ் 11 கிடைக்க 48 மணி நேரம் வரை ஆகலாம் என்று மைக்ரோசாஃப்டே சொல்லியிருக்கிறது. முதல் நாள் ஒன்றுமில்லை. இரண்டாம் நாள் இரவு, தாயார் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில், மகளிடமிருந்து எனக்குச் செய்தி: ‘வந்திருச்சி டீச்சர்.’ மின்கம்பியை மாட்டி வைத்து, மூடியை மூடாமல் விடச் சொன்னேன். விடியற்காலை தாயார் வேலை முடிந்து வந்தபோது மாற்றம் முடிந்திருந்ததாம். எழுப்பிப் பாட்டுப் போடச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் அவர் படுக்கப் போனார்.

எல்லாருக்கும் பட்டியல் இவ்வளவு தெளிவாக வருவதில்லை. எங்களுடன் பணியாற்றும் ஆசிரியர் ஒருவருக்கு முக்கால்வாசி வரை போய், தானாகவே பழையபடி விண்டோஸ் 10-க்குத் திரும்பிவிட்டது. வந்தது வெறும் எண்: 0எக்ஸ்சி1900101. எண்ணைக் கண்டு மிரள வேண்டாம். பெரும்பாலும் பொருந்தாத இயக்கி ஒன்று வழியில் நிற்கிறது என்பதே இதன் அர்த்தம். எது என்று பெயர்தான் சொல்லாது. அச்சுப்பொறி, பென்டிரைவ் என்று செருகியிருக்கும் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். வேறு நிறுவனத்து வைரஸ் தடுப்பு மென்பொருள் இருந்தால் தற்காலிகமாக நீக்குங்கள். வட்டில் 20 ஜிகாபைட்டாவது காலியாக இருக்கட்டும். பிறகு மறுபடி முயலுங்கள். அந்த ஆசிரியருக்கு ஒரு பழைய அச்சுப்பொறியைக் கழற்றியதும் வழி விட்டது.

இன்னும் இரண்டு செய்திகள். சில கணினிகளில் வட்டு பூட்டப்பட்டிருக்கும். ஏதாவது மாறினால் 48 இலக்கச் சாவி ஒன்றைக் கேட்கும். அது பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். தொடங்குமுன் அந்தக் கணக்கின் கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பல வீடுகளில் அது கணினியை விற்ற கடைப் பையனிடம் இருக்கிறது!

மற்றொன்று, மாறிய பின் ஏதாவது ஓர் ஆள் வேலை செய்ய மறுத்தால், கேமராவோ வைஃபையோ, பத்து நாளுக்குள் ‘செட்டிங்ஸ்’ வழியாகவே பழைய விண்டோஸுக்குத் திரும்பலாம். பதினோராம் நாள் அந்த வாசல் அடைபட்டுவிடும். ஆகவே மாறிய முதல் வாரத்திலேயே ஒவ்வொன்றையும் போட்டுப் பாருங்கள். அச்சுப்பொறியில் ஒரு பக்கம் அச்சடித்துப் பார்ப்பதையும் விட்டுவிடாதீர்கள்.